மதுவை விடுதலும் மருத்துவமும்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், கொள்ளைநோய் பரவாமல் தடுக்கும்பொருட்டு இந்திய நாடெங்கும் ஊரடங்கு ஆணை பிறந்தது. கடைத்தெருக்கள் அடைபட்டன, பேருந்துகள் நின்றன, அவற்றோடு மதுக்கடைகளும் மூடப்பெற்றன. நேற்று மாலை வரை நாள்தோறும் குடித்து வந்தவருக்கு இன்று ஒரு துளியும் கிடைக்காத நிலை உண்டாயிற்று. குடியால் நொந்த வீடுகள் பலவற்றில் அன்று மகிழ்ச்சியே நிலவியது. பல ஆண்டுகள் அழுதும் தொழுதும் நடவாதது ஒரே நாளில் நடந்துவிட்டது என்று தாய்மார் உள்ளம் குளிர்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. இரண்டு மூன்று நாட்களுக்குள் மருத்துவமனைகளுக்குப் புதுவகை நோயாளிகள் வரத் தொடங்கினர். சிலருக்குக் கை கால்கள் நடுங்கின. சிலருக்கு வலிப்பு வந்தது. சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு அலறினர். பெங்களூருவில், மதுவைத் திடீரென நிறுத்தியதால் கடுநோயுற்று வந்தோர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று என்று அவ்வூர் மருத்துவர்கள் கணக்கிட்டு எழுதினர்.

குடிப்பது கேடு என்பதை எவரும் அறிவர். குடியை நிறுத்துவதும் கேடு பயக்குமோ? நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர், துணையின்றித் திடீரென நிறுத்தினால் பயக்கும். உயிருக்கே இறுதி நேர்வதும் உண்டு. இதனால் குடியை விடலாகாது என்பது பொருளன்று. விடத்தான் வேண்டும், விடும் முறை ஒன்று உண்டு. அம்முறையை அறியாமையால் எத்தனையோ குடும்பங்கள் நல்லது நடந்த வாரத்திலேயே பெருந்துன்பம் அடைந்துள்ளன.

இந்நோய் புதியதன்று. தாமஸ் சட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1813ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாகப் பிரித்துணர்ந்து, இதற்கு ஒரு பெயரும் இட்டு நூல் எழுதினார். அவர் இட்ட பெயர் 'டெலிரியம் டிரெமன்ஸ்' என்னும் இலத்தீன் தொடர். தமிழில் அதனை நடுக்குச்சன்னி எனலாம். சன்னி என்பது வடமொழிச் சந்நிபாதம் என்னும் சொல்லின் சிதைவு. வாதம், பித்தம், ஐ என்னும் மூன்றும் ஒருங்கே கெட்டு அறிவு மயங்கும் நிலையை நம் பழைய மருத்துவர் அப்பெயரால் வழங்கினர். காய்ச்சல் மிகுந்தவன் பிதற்றினால், 'சன்னி கண்டுவிட்டது' என்று நாட்டுப்புறத்தார் இன்றும் கூறுவர். அப்பிதற்றலோடு உடல் நடுக்கமும் சேர்ந்ததே சட்டன் கண்ட நோய். அக்காலத்து மருத்துவர் பலர், மூளை அழற்சி என்று கருதி நோயாளியின் குருதியை வடித்தனர். சட்டனோ குருதி வடித்தலை வெறுத்தார். அபினி கொடுத்து உறங்கச் செய்தார். உறங்கியவர் பிழைத்தனர்.

ஆயினும், நோயின் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. மதுவின் நஞ்சே மூளையைக் கெடுக்கிறது என்றனர் ஒரு சாரார். குடிப்பவர் உணவு கொள்ளாமையால் உயிர்ச்சத்துக் குறைந்து நோயுறுகின்றனர் என்றனர் மற்றொரு சாரார். குடியை நிறுத்தியதே காரணம் என்று கூறியவரும் இருந்தனர். அவர் கூற்றை ஏற்றவர் குறைவு. ஐயத்தைத் தீர்த்தவர் அமெரிக்க நாட்டு ஹாரிஸ் இஸ்பெல் என்பவர். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், போதைப்பொருளுக்கு அடிமையாகிச் சிறைப்பட்டோருக்கென நடுவணரசின் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே இஸ்பெல்லும் உடன் ஆய்ந்தோரும் பத்துப் பேருக்கு, அவர் இசைவுடன், நாள்தோறும் மது கொடுத்துவந்தனர். நல்ல உணவும் உயிர்ச்சத்துகளும் குறைவின்றி அளித்தனர். நால்வர் சில வாரங்களுக்குள்ளேயே விலகிக்கொண்டனர். எஞ்சிய அறுவர் 48 நாள் முதல் 87 நாள் வரை குடித்தனர். பின்னர் மது ஒருங்கே நிறுத்தப்பட்டது. விரைவில் விலகிய நால்வருக்கும் சிறு நடுக்கம் அளவிலேயே துன்பம் நின்றது. நெடுநாள் குடித்த அறுவரோ கடுமையாக நோயுற்றனர். சிலருக்கு வலிப்பு வந்தது. சிலருக்குச் சன்னி கண்டது. வயிறார உண்டவருக்கும் நோய் வந்தமையால், உணவுக்குறை காரணமன்று என்பது தெளிவாயிற்று. குடித்துக்கொண்டிருந்தபோது வாராமல் நிறுத்தியபின் வந்தமையால், நிறுத்தமே காரணம் என்பது உறுதியாயிற்று. 1955ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளிவந்தது. சிறைப்பட்டோர் தரும் இசைவு உண்மையில் இசைவாகுமோ என்னும் கேள்வி பிற்காலத்தில் எழுந்தது. அத்தகைய ஆய்வை இன்று எந்த நாடும் ஒப்புவதில்லை. நாம் பெற்ற அறிவு அவர்கள் பட்ட துன்பத்தின் விலை என்பதை மறத்தல் தகாது.

நிறுத்தம் நோயாவது எவ்வாறு? மூளையில் கிளர்ச்சியை எழுப்பும் வேதிப்பொருள்களும் உண்டு. அக்கிளர்ச்சியை அடக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. முன்னதில் தலையாயது குளூட்டமேட்டு. பின்னதில் தலையாயது காபா. இரண்டும் ஒத்து நிற்பதாலேயே மனிதன் விழித்திருக்கும்போது விழிப்பாகவும், உறங்கும்போது அமைதியாகவும் இருக்கிறான். மது, அடக்கும் பொருளுக்குத் துணை செய்கிறது. எழுப்பும் பொருளைத் தடுக்கிறது. அதனாலேயே குடித்தவன் தள்ளாடுகிறான், நாக்குழறுகிறான், மயங்கி வீழ்கிறான். நாள்தோறும் மது வரவே, மூளை அதற்கு எதிராகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அடக்கும் ஆற்றலைக் குறைத்து, எழுப்பும் ஆற்றலைப் பெருக்குகிறது. முன்பு ஒரு குவளையில் மயங்கியவன் பிறகு நான்கு குவளைக்கும் அசையாதிருப்பது இதனாலேயே. 'எவ்வளவு குடித்தாலும் அவன் நிலை தவறமாட்டான்' என்று ஊரார் சிலரைப் புகழ்வதுண்டு. புகழ் அன்று, அது நோயின் முதற் குறி.

ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவன் தள்ளுகிறான். உள்ளிருப்பவன் தன் தோளைக் கொடுத்து எதிர்த்துத் தள்ளுகிறான். கதவு அசையாமல் நிற்கிறது. வெளியில் நின்றவன் சட்டென்று விலகிவிட்டால் என்ன நேரும்? உள்ளிருந்தவன் கதவோடு தெருவில் குப்புற விழுவான். மது விலகியவுடன் மூளைக்கு நேர்வது இதுவே. எதிர்த்துத் தள்ளிப் பழகிய மூளை, தடுப்பார் இல்லாமையால் கட்டுக்கடங்காக் கிளர்ச்சி கொள்கிறது.

அக்கிளர்ச்சி ஒரு கால ஒழுங்கில் வளர்கிறது. பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் குடித்துவந்த தச்சர் ஒருவர், கார்த்திகைத் திங்களில் மலைக்குச் செல்ல மாலை அணிந்து, அன்றே குடியை விட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரவு உறக்கம் வாராது. மறுநாட் காலையில் உளியைப் பிடித்த கை நடுங்கும். வியர்வை பெருகும், நெஞ்சு படபடக்கும், உணவைக் கண்டால் குமட்டும். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இவை தோன்றும். அது முதல் இரண்டு நாட்கள் முடியும்வரை வலிப்பு வருதற்குரிய காலம். முன்பு ஒருமுறையும் வலிப்புக் காணாதவருக்கும் வரக்கூடும். சிலருக்குச் சுவரில் எறும்பு ஊர்வதாகவும், எவரோ பெயர் சொல்லி அழைப்பதாகவும் தோன்றும். இந்நிலையைக் கடந்தவர் பெரும்பாலோர் நான்கைந்து நாட்களில் தேறிவிடுவர். நூற்றுக்கு ஒரு சிலருக்கு மட்டும் மூன்றாம் நாள் அளவில் நடுக்குச்சன்னி கண்டுவிடும். தாம் இருக்கும் இடம் அறியார், நாள் அறியார், மனைவியையும் மக்களையும் அறியார். இல்லாத இழைப்புளியை ஏந்தி, இல்லாத பலகையைச் சீவுவார். கொல்ல வருகிறார்கள் என்று கதறி ஓடுவார். காய்ச்சல் ஏறும், நாடி விரையும், நெஞ்சு அயரும். மருத்துவம் வளராத காலத்தில் இந்நிலை எய்தியவருள் மூவரில் ஒருவர் வரை இறந்ததுண்டு. இன்று தக்க மருத்துவம் பெற்றவருள் நூற்றுக்கு ஐவர்க்கு மேல் இறப்பதில்லை. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவே மருத்துவத்தின் பயன்.

வீட்டிலுள்ளோர் இதனை எவ்வாறு கொள்கின்றனர்? பேய் பிடித்தது என்பர் சிலர். தெய்வக் குற்றம் என்பர் சிலர். பைத்தியம் என்று கயிற்றால் கட்டிப்போடுவாரும் உளர். வேப்பிலை அடித்து விடியும்வரை காத்திருப்பர். அதற்குள் காலம் கடந்துவிடும். 'பழைய வழக்கம் போகாமல் நடிக்கிறான்' என்று ஏளனம் செய்வார் செயலே மிகக் கொடிது. வலிப்பை எவராலும் நடித்து வரவழைக்க முடியாது. அதனை மனவுறுதியால் தடுக்கவும் இயலாது. அத்தச்சருக்கு மனவுறுதி இல்லாமல் இல்லை. மாலை அணிந்த அன்றே விட்டவர் அவர். அவருடைய மூளைக்கு வேண்டியது அறிவுரை அன்று, மருந்து. ஒருமுறை விட்டுப் பின் குடித்து, மீண்டும் விட்டு மீண்டும் குடிப்பவருக்கு, ஒவ்வொரு முறை விடும்போதும் நோய் முன்னிலும் கடுமையாதலும் உண்டு. சென்ற ஆண்டு ஒன்றும் நேரவில்லையே என்று இவ்வாண்டு துணிதல் கூடாது.

மருத்துவமனையில் செய்யப்படுவதை 'நச்சு நீக்கம்' என்று வழங்குகின்றனர். இப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. மதுவாகிய நஞ்சை ஈரல் தானே ஏறத்தாழ ஒரு நாளில் எரித்து அகற்றிவிடும்; அதற்கு மருத்துவர் தேவையில்லை. நஞ்சு நீங்கிய பின்பே இந்நோய் தலைதூக்குகிறது. மருத்துவர் செய்வது, கட்டவிழ்ந்த மூளையைச் சிறிது சிறிதாகப் பழைய நிலைக்கு இறக்குதல். ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்ட பெயரை மாற்றுதல் அரிது.

இதற்குரிய மருந்து கிடைத்த வரலாறு சுவையானது. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலார் அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பல பொருள்களை ஆக்கிப் பார்த்துப் பயனின்றிக் கைவிட்டிருந்தார். 1957ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தைத் தூய்மை செய்தபோது, சோதிக்கப்படாமல் கிடந்த ஒரு பொருள் கண்ணில் பட்டது. எறியாமல் சோதித்தனர். உயிரினங்களின் அச்சத்தையும் கிளர்ச்சியையும் அது தணித்தது. குளோர்டயசிபாக்சைடு என்னும் அம்மருந்து 1960ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. போரில் பணியாற்றியோருக்கான அமெரிக்க மருத்துவமனைகளில், குடியை விட்ட 537 பேரை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கொரு பொருளைக் கொடுத்து ஆராய்ந்தனர். ஐந்தில் ஒன்று மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 1969ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், குளோர்டயசிபாக்சைடு பெற்றவரிடையே வலிப்பும் சன்னியும் மிக அருகியே காணப்பட்டன. பித்தரை அமைதிப்படுத்தத் தரும் வேறொரு மருந்தை உண்டவருக்கோ வலிப்பு மிகுந்தது. உறங்க வைக்கும் மருந்தெல்லாம் ஒன்றே என்று கருதிக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது எத்தகைய பிழை என்பது இதனால் விளங்கும்.

இம்மருந்து மது தள்ளிய பக்கத்திலேயே நின்று, கதவைத் தாங்கிக்கொள்கிறது. பின்னர் நாளுக்கு நாள் அளவு குறைக்கப்படுகிறது. ஐந்து முதல் ஏழு நாட்களில் மருந்தும் நின்றுவிடும், மூளையும் நேர்நின்றுவிடும். அளவை எவ்வாறு அறிவது? நடுக்கம், வியர்வை, குமட்டல், அச்சம், தலைவலி முதலிய பத்துக் குறிகளுக்கும் எண் இட்டுக் கூட்டும் அளவுகோல் ஒன்று 1989ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. செவிலியர் சில மணிக்கொருமுறை வந்து, 'கைகளை நீட்டுங்கள். விரல்களை விரியுங்கள்' என்று கூறிப் பார்ப்பது அதற்காகவே. கூட்டுத்தொகை ஏறினால் மருந்து ஏறும், இறங்கினால் இறங்கும். ஈரல் மிக நைந்தவருக்கு, அவ்வீரலுக்குச் சுமையாகாத லோராசிபாம் என்னும் மருந்தைத் தேர்வர். இம்மருந்துகளும் நெடுநாள் உண்டால் தாமே பழக்கமாகிவிடும் இயல்பின; மருத்துவர் மேற்பார்வை வேண்டுதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்தினும் எளிய பொருள் ஒன்று உண்டு. அது தயமின் என்னும் உயிர்ச்சத்து. அரிசியின் தவிட்டில் நிறைந்திருப்பது அது. சாவகத் தீவில் பணியாற்றிய ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்கா அரிசி தின்றவை தேறுவதையும் 1890களில் கண்டார். அவ்வாய்வுக்கென அவருக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் உள்ள அச்சத்து நெடுநாள் குடித்தவர் உடலில் பெரிதும் வற்றிப்போயிருக்கும். அது வற்றினால் கண்கள் ஒழுங்கின்றி அசையும், நடை தள்ளாடும், அறிவு குழம்பும். வெர்னிக்கே என்னும் செருமானிய மருத்துவர் 1881ஆம் ஆண்டில் இந்நோயை விளக்கினார். கவனியாது விட்டால் நினைவாற்றலே அழிந்துவிடும். காலையில் உண்டதை நண்பகலில் அறியார். அறியாமையை மறைக்க, நடவாதவற்றை நடந்தனவாகக் கூறுவார். அந்நிலை வந்தபின் முழுதும் மீள்வார் சிலரே. சோர்ந்து கிடப்பவருக்குச் சருக்கரை நீரை மட்டும் குருதியில் ஏற்றினால், எஞ்சியிருக்கும் தயமினும் அச்சருக்கரையை எரிப்பதிலேயே செலவாகிவிடும். ஆதலின், முதலில் தயமினை ஊசி வழியே செலுத்துவர். சில ரூபாய் பெறும் ஊசி, ஒருவரின் வாழ்நாள் நினைவைக் காத்துவிடுகிறது.

ஒரு கேள்வி எழலாம். மது இன்மையால் வந்த நோய்க்கு மதுவையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? இக்கேள்வி 2020ஆம் ஆண்டில் ஓர் அரசின் முன்னும் நின்றது. ஊரடங்கால் நேர்ந்த துயரங்களைக் கண்ட கேரள அரசு, மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் குடிநோயாளருக்கு மது வழங்கலாம் என்று மார்ச்சு 30ஆம் நாள் ஆணையிட்டது. நோக்கம் இரக்கமே. ஆனால் மருத்துவர்கள் எதிர்த்தனர். மது மருந்தன்று, அதற்குச் சீட்டு எழுதுவது தம் தொழிலுக்கு அடுக்காது என்றனர். ஏப்பிரல் 2ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. மருத்துவர் கூற்றில் உண்மை இருந்தது. மதுவின் வேகம் சில மணிகளில் இறங்கிவிடும்; மீண்டும் மீண்டும் கொடுக்க நேரும்; ஈரலும் நையும். அதனினும் நெடிது நிற்பதும் அளந்து குறைக்கத்தக்கதுமான மருந்து இருக்க, மதுவை நாடுவானேன்?

அபினி, எராயின் போன்றவற்றை விடுவோர் நிலை சற்று வேறுபட்டது. மூக்கு ஒழுகும், உடல் புல்லரிக்கும், வயிறு கழியும், எலும்பை முறிப்பது போன்ற வலி எழும். இத்துன்பம் கொடிதேனும் தானே உயிரைக் கொள்வது அரிது. அதனால் இடர் இல்லை என்று எண்ணற்க. சில நாட்கள் விட்டபின் உடல் தன் பழைய தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அந்நிலையில் மனந்தளர்ந்து பழைய அளவையே மீண்டும் கொண்டால் மூச்சு நின்றுவிடும். இதனாலேயே அத்தகையோருக்குப் புப்ரினார்பின் போன்ற மருந்துகளைத் திங்கட்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடர்ந்து கொடுக்கின்றனர். மதுவை விடுவோர்க்கு முதல் வாரம் இடர் மிக்கது. அபினியை விட்டவர்க்கோ அதனை அடுத்து வரும் வாரங்கள்.

ஏழு நாள் மருத்துவம் குடிநோயைத் தீர்த்துவிடுவதில்லை. அது வாயிலைக் கடத்தும் அளவினதே. உடல் தெளிந்த பின்னரே பேச்சும் பயிற்சியும் பயன் தரும். நடுங்கும் ஒருவருக்கு அறிவுரை கூறிப் பயனில்லை. தமிழ்நாட்டில் இதனை நன்கு உணர்ந்து தொண்டு தொடங்கியவர் சாந்தி இரங்கநாதன் அம்மையார். தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980ஆம் ஆண்டில் சென்னையில் கணவர் பெயராலேயே டி. டி. இரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். குடிப்பவரை ஒழுக்கங்கெட்டவர் என்று ஒதுக்கிய காலத்தில், அவரை நோயாளி என ஏற்று மருத்துவம் செய்த நிலையம் அது. நோயாளிக்கு மட்டுமன்றி மனைவி, பெற்றோர் ஆகியோருக்கும் அங்கே தனியே பயிற்சி உண்டு. இந்திய அரசு 1992ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இன்று அரசுப் பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இம்மருத்துவம் கிடைக்கிறது.

குடியை விடுவதற்கென மருத்துவமனைக்கு வருவோரை மருத்துவர் எளிதில் காத்துவிடுகின்றனர். வேறு காரணத்தால் வருவோரிடத்தேதான் தவறு நேர்கிறது. அத்தச்சர் சாரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து மருத்துவமனையில் சேர்கிறார் என்று கொள்வோம். அங்கே மது கிடையாது. எலும்பைப் பொருத்திக் கட்டுப்போடுகின்றனர். மூன்றாம் நாள் இரவு அவர் கட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்து ஓட முயல்கிறார். தலையில் அடிபட்டதோ, குருதியில் நச்சுக் கலந்ததோ என்று மருத்துவர் தேடுகின்றனர். 'குடிக்கும் வழக்கம் உண்டா?' என்று அவர்கள் சேர்க்கை நாளிலேயே கேட்டிருந்தனர். வெட்கத்தால் மனைவி, 'இல்லை ஐயா' என்றார். தமையனார், 'எப்போதேனும் சிறிது' என்றார். உண்மையை முதல் நாளே அறிந்திருந்தால், அன்றே மருந்து தொடங்கியிருக்கும். மூன்றாம் நாள் அமைதியாகக் கழிந்திருக்கும்.

மருத்துவருக்கு வேண்டிய செய்திகள் மூன்றே: நாள்தோறும் எவ்வளவு குடித்தார், கடைசியாகக் குடித்தது எந்நாள், எந்நேரம், முன்பு விட்டபோது வலிப்போ சன்னியோ கண்டதுண்டா. பெரியோர் நாவெழாமல் நிற்கும்போது, புட்டி வாங்கிவர அனுப்பப்பட்ட பிள்ளைக்கு இம்மூன்றுக்கும் விடை பெரும்பாலும் தெரிந்திருக்கும்.